ஆடிட் என்றால் காதால் கேட்பது



"அடுத்த வாரம் ஆடிட் வர்றாங்களாம்" என்று சொன்னதுமே குழுவில் ஒரு பரபரப்பு வந்துவிடும். நாம் எல்லோரும் பார்த்ததுதான். ஊக்குநர் நோட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு விட்டுப்போன இடங்களை எழுத ஆரம்பிப்பார். பிரதிநிதிகள் இரண்டு பேரும் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வருவார்கள். மற்ற உறுப்பினர்கள்? "அதெல்லாம் படிச்சவங்க பாக்குற வேலை, நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடுவார்கள். கேட்கிற இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ போடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது.

இந்த இதழில் அந்த 'ஆடிட்' என்ற வார்த்தையைப் பற்றித்தான் எழுதுகிறோம். வார்த்தையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலம் படித்தவர்களே பலர் யோசித்துப் பார்க்காத ஒரு விஷயம் அதற்குள் இருக்கிறது. படித்தவர்கள்தான் ஆடிட் பார்க்க முடியும் என்று நினைக்கிறோம் அல்லவா? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவாக இருந்த காலத்தில் பிறந்த வார்த்தை அது.

ஆடிட் என்பது இப்போது ஆங்கில வார்த்தை. ஆனால் அது ஆங்கிலத்துக்கு வந்தது லத்தீன் மொழியிலிருந்து. லத்தீன் என்பது பழைய ரோமாபுரியின் மொழி. பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் கோயில் மொழியாகவும் கணக்கு எழுதும் மொழியாகவும் இருந்தது. அந்த மொழியில் 'ஆடிரே' என்றால் 'காதால் கேட்பது' என்று பொருள். 'ஆடிட்டஸ்' என்றால் 'கேட்டல்'. அதுதான் ஆடிட் ஆனது. ஆடிட்டர் என்றால் நேர் பொருள் 'கேட்பவர்'. சிவப்பு மை பேனாவும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டுபவர் என்ற அர்த்தம் பிற்பாடு வந்தது.

நம்ப முடியவில்லையா? அதே வேரில் பிறந்த மற்ற வார்த்தைகள் நம் வாயில் தினமும் வருகின்றன. 'ஆடியோ' கேசட் என்றால் காதால் கேட்கிற கேசட். பள்ளிக்கூடத்திலும் டவுனிலும் இருக்கிற 'ஆடிட்டோரியம்' என்றால் உட்கார்ந்து கேட்கிற மண்டபம். மேடைக்கு முன்னால் இருக்கிற கூட்டத்தை 'ஆடியன்ஸ்' என்கிறார்கள், கேட்கிற கூட்டம். பாட்டுப் போட்டிக்கு 'ஆடிஷன்' என்கிறார்கள். பாடச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பது. இவை எல்லாம் அக்கா தங்கைகள். ஆடிட்டும் அவர்களோடு பிறந்ததுதான்.

சரி, கணக்குக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

இதற்கு நாம் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே நிலமெல்லாம் பெரும் பிரபுக்களிடமும் மடங்களிடமும் இருந்தது. ஒரு பிரபுவுக்குப் பல ஊர்களில் பண்ணை இருக்கும். ஒவ்வொரு பண்ணையையும் பார்த்துக்கொள்ள ஒரு காரியக்காரர். அவருக்கு 'ரீவ்' என்று பெயர். அநேகமாக அவரும் அந்த ஊர்க் குடியானவர்தான். பல இடங்களில் ஊர்க்காரர்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விதைப்பு, அறுப்பு, கூலி, ஆடு மாடு எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரபுக்களிலும் பலருக்கு லத்தீன் கணக்கை வாசிக்க வராது.

அறுப்பு முடிந்து, செப்டம்பர் 29ஆம் தேதி வரும் மிக்கேல் சம்மனசு திருநாளோடு அங்கே கணக்கு வருஷம் முடியும். அதன் பிறகு பிரபுவின் ஆட்கள் பண்ணை பண்ணையாக வருவார்கள். அவர்கள்தான் ஆடிட்டர்கள். காரியக்காரர் அவர்கள் முன்னால் வந்து வாயால் கணக்குச் சொல்ல வேண்டும். இத்தனை மூட்டை விளைந்தது, இத்தனை விற்றது, விதைக்கு இத்தனை எடுத்து வைத்தது, கூலி இவ்வளவு, குத்தகை வர வேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு. எழுத்தர் ஒருவர் அதைத் தோல் சுருளில் எழுதுவார். ஆடிட்டர்கள் கேட்பார்கள், குறுக்குக் கேள்வி போடுவார்கள். ஒத்துவராத செலவை அங்கேயே அடித்துவிடுவார்கள்.

எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார்கள் என்றால், அந்தச் சுருள்களில் கோழி எத்தனை, முட்டை எத்தனை என்பது வரைக்கும் கணக்கு இருக்கிறது. ஆடு செத்துப்போனது என்று சொன்னால் அதன் தோலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தோல் எங்கே, எத்தனைக்கு விற்றது? கறவை மாட்டுக் கடன் வாங்கிய சகோதரிகளுக்கு இது உடனே புரியும். மாடு செத்தால் இன்சூரன்ஸ்காரர் காது வில்லையைத்தானே கேட்கிறார்? சாமர்த்தியசாலிகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அதற்குத் தக்க கேள்வியும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது.

கணக்கு ஒழுங்காக ஒப்படைக்காவிட்டால் தண்டனையும் இருந்தது. 1285ஆம் வருஷம் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டத்தின்படி, பாக்கி வைத்த காரியக்காரரைச் சிறைக்கு அனுப்ப ஆடிட்டருக்கே அதிகாரம் கிடைத்தது. வெறும் காதால் கேட்டவர்களுக்கு எவ்வளவு பெரிய அதிகாரம், பாருங்கள்.

எழுதத் தெரியாத காரியக்காரர் வருஷம் முழுவதும் கணக்கை எப்படி நினைவு வைத்திருந்தார்? குச்சியில் வெட்டு வெட்டி வைத்திருந்தார். நம் ஊரில் பால் ஊற்றுகிறவர்கள் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பார்களே, அது மாதிரி. அரசாங்கத்திலும் இந்தக் குச்சிதான் ரசீது. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு, நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அகலம். வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பணம் கொடுத்தவரிடம் ஒரு பாதி, வாங்கியவரிடம் ஒரு பாதி. ஒருவர் தன் பாதியில் திருட்டுத்தனமாக ஒரு வெட்டு கூட்டினால், இரண்டையும் சேர்த்து வைக்கும்போது காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் குச்சிக்குப் பெயர் என்ன தெரியுமா? 'டேலி'. அந்த வார்த்தைக்கும் லத்தீனில் குச்சி என்றுதான் பொருள். "கணக்கு டேலி ஆகலையே" என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோம். இரண்டு பாதிக் குச்சியும் பொருந்தவில்லை என்று அர்த்தம்! உங்கள் கையில் இருக்கிற தனிநபர் பாஸ்புக் ஒரு பாதிக் குச்சி. குழுவின் பேரேடு மறு பாதி. பாஸ்புக்கை ஊக்குநர் வீட்டிலேயே விட்டுவைக்கும் சகோதரிகள் இரண்டு பாதியையும் ஒரே ஆள் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஊக்குநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, பாஸ்புக் உங்கள் வீட்டில் இருக்க வேண்டிய பொருள்.

(இந்தக் குச்சிகளுக்கு ஒரு வேடிக்கையான முடிவு உண்டு. லண்டனில் 1826 வரைக்கும் குச்சிக் கணக்கு நடந்தது. பிறகு குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பார்லிமென்ட் கட்டடத்து அடுப்பில் போட்டு எரித்தார்கள். தீ மிஞ்சிப்போய்ப் பார்லிமென்ட்டே எரிந்துவிட்டது. பழைய கணக்கை எரிப்பதில் இப்படியும் ஆபத்து இருக்கிறது!)

பின்னால் காகிதம் மலிவாயிற்று, படித்தவர்கள் பெருகினார்கள், கம்பெனிகள் வந்தன. 1844இல் இங்கிலாந்தில் வந்த கம்பெனிச் சட்டம் ஆடிட்டரை வைக்கச் சொன்னது. நம் நாட்டில் 1860இல் முதல் ஆடிட்டர் ஜெனரல் பொறுப்பேற்றார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பதவிக்கு அரசியல் சட்டத்தின் 148வது பிரிவில் இடம் கொடுத்தார்கள். ஆடிட் மெல்ல மெல்ல வாயையும் காதையும் விட்டுக் காகிதத்துக்குள் போய்விட்டது. ஊர் நடுவில் பேசிக் கேட்ட விஷயம் அலுவலக அறைக்குள் உட்கார்ந்துகொண்டது. வேலை சுத்தமானது என்பது உண்மைதான். ஆனால் பணத்துக்குச் சொந்தக்காரர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். இந்த இடத்தில்தான் நமக்குக் கவலை.

தமிழில் ஆடிட்டுக்குத் 'தணிக்கை' என்று எழுதுகிறோம். சினிமாவுக்கும் அதே தணிக்கை என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்; அதனாலோ என்னவோ, எதையோ வெட்டப் போகிறார்கள் என்ற பயம் அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. எங்களைக் கேட்டால் நம் பேச்சில் இதைவிட நல்ல வார்த்தை இருக்கிறது. "கணக்கு கேட்கிறது". நாம் 'கேட்பது' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். பாட்டு கேட்கிறோம்; கேள்வியும் கேட்கிறோம். காதைக் கொடுப்பதும் வாயைத் திறப்பதும் தமிழில் ஒரே சொல். அந்தக் கால ஆடிட்டர்கள் செய்த இரண்டு வேலையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. திருக்குறளில் 'கேள்வி' என்றே 42வது அதிகாரம் இருக்கிறது. கேட்டு அறிவதுதான் அதன் பொருள். படிக்காதவரும் கேட்டாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று வள்ளுவர் அதில் சொல்கிறார்.

கணக்குக் கேட்பது நம் ஊருக்கும் புதிது இல்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபை வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதி அதில் எழுதியிருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டும் இல்லை, சின்னம்மா மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன், மாமனார் என்று உறவுக்காரர்களும் வர முடியாது! ஊர்க் கணக்கு எழுதுபவர்கூடக் கணக்கை ஒப்படைத்து, சுத்தமானவர் என்று சொன்ன பிறகுதான் அடுத்த முறை எழுதலாம். அந்தச் சபை நம்மைப் போன்றவர்களுக்கான சபை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும்தான் அதில் இடம்.

நம்மைப் போன்ற ஏழை ஜனங்கள் கணக்குக் கேட்ட கதை வேண்டுமானால் ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். அங்கே அருணா ராய் போன்றவர்கள் விவசாயிகளோடும் கூலித் தொழிலாளர்களோடும் சேர்ந்து 1990இல் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசாங்க வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குச் சரியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நோட்டில் நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான்" என்று பதில். நோட்டைக் காட்டு என்றால், அது ரகசியம் என்றார்கள். எப்படியோ சில ஊர்களின் மஸ்டர் ரோலும் பில்லும் கிடைத்தன. 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் கூட்டம் போட்டு அவற்றைச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆடிட்டர்கள் இல்லை. "அது என் பேருதான், நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்று சொல்லக்கூடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தானே? வெளியூர் ஆடிட்டருக்கு நோட்டில் கூட்டல் சரியா என்று தெரியும். பெயருக்கு உரியவர் உண்மையில் மண் சுமந்தாரா என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

அந்தக் கூட்டத்துக்கு இந்தியில் 'ஜன் சுன்வாய்' என்று பெயர் வைத்தார்கள். ஜன் என்றால் ஜனங்கள். சுன்வாய் என்றால் கேட்பது! லத்தீன்காரர் வைத்த அதே பெயர். அந்தக் கூட்டங்களிலிருந்து எழுந்த கோரிக்கைதான் நாடு முழுவதும் பரவி, 2005இல் தகவல் உரிமைச் சட்டமாக வந்தது. அதே 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலும் 17வது பிரிவில், வேலைக் கணக்கைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதினார்கள்.

இனி நம் குழுவுக்கு வருவோம். 15 பேர் உள்ள ஒரு குழுவின் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஊக்குநர் ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார்: "போன கூட்டத்து கையிருப்பு 450. இன்னைக்கு சந்தா ஆளுக்கு 100, மொத்தம் 1,500. கடன் அசல் வந்தது 6,000. வட்டி 600. லேட்டா வந்தவங்க அபராதம் 20. ஆக வரவு 8,570. செலவு: உள்கடன் கொடுத்தது 5,000. பேங்க்ல கட்டுனது 3,000. நோட்டு வாங்குனது 60. பேங்க் போய்வந்த செலவு 110. ஆக 8,170. மீதி கையிருப்பு 400." வாசித்துவிட்டு அந்த 400 ரூபாயை நடுவில் வைத்து எண்ணிக் காட்ட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

இதைக் கேட்க எழுத்து தெரிய வேண்டுமா? சந்தைக்குப் போய்ப் பத்துச் சாமான் வாங்கி மீதிச் சில்லறையை மனக்கணக்கில் எண்ணி வாங்குகிற நமக்கு இது ஒரு பெரிய கணக்கா? வாசிக்கும்போது ஒரு சகோதரி கேட்கலாம்: "2021லேருந்து டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட்டே இல்லையே, 110 எதுக்கு?" "திரும்புறப்ப நேரமாயிடுச்சு, ரெண்டு பேரும் ஆட்டோல வந்தோம் அக்கா." சரி, முடிந்தது. கேட்டவர் யாரையும் திருடி என்று சொல்லவில்லை. சொன்னவருக்கும் மனத்தாங்கல் வேண்டாம். அந்த நேரத்திலேயே கேட்டால் அது வெறும் கேள்வி. ஆறு மாசம் மனதில் வைத்திருந்து, இரண்டு பேர் காதில் போட்டு, பிறகு தெருவில் வைத்துக் கேட்டால் அதுதான் சண்டை. கணக்கில் தப்பு நடந்து உடைகிற குழுக்கள் ஒருபுறம் இருக்கட்டும். தப்பே நடக்காமல், வாசிக்காததால் வந்த சந்தேகத்திலும் குழு உடையும். ஊக்குநர்களுக்கும் இதைச் சொல்கிறோம்: கணக்கைச் சத்தமாக வாசிப்பது முதலில் உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

வாசிக்கும்போது மெதுவாக வாசிக்க வேண்டும். கடன் பேரேட்டில் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, வாங்கியது, கட்டியது, பாக்கி என்று வாசித்தால் அவரவரே "ஆமா, சரி" என்று சொல்லிவிடுவார்கள். வங்கிக் கடன் என்றால் எவ்வளவு வந்தது, யார் யாருக்கு எவ்வளவு பிரித்தது, தவணை எவ்வளவு கட்டியிருக்கிறது என்பதையும் வங்கிப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டே வாசியுங்கள். கடன் குழுவின் பெயரில் இருக்கிறது. பாக்கி நின்றால் வாங்காதவருக்கும் அடுத்த கடன் நிற்கும். எல்லாம் வாசித்து முடித்த பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வெறும் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. அதற்கு மட்டும் யார் கேட்டாலும் இணங்காதீர்கள்.

வருஷத் தணிக்கைக்கு ஆடிட்டர் வரும்போது பேரேட்டோடு ஒத்துப் பார்க்க எல்லோரும் தங்கள் பாஸ்புக்கைக் கொண்டுவாருங்கள். அவர் டீ குடித்துவிட்டு அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டுப் போக விடாதீர்கள். உட்கார வைத்து, வரவு, செலவு, கையிருப்பு, வர வேண்டிய பாக்கி, அவர் கண்ட குறை எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கூட்டமைப்பின் தணிக்கை அறிக்கையையும் பொதுக்குழுவில் அதே மாதிரி வாசிக்க வேண்டும். நாங்கள் வாசிக்க மறந்தால், எழுந்து கேளுங்கள்.